வெடிமருந்தும் விருதும்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 10ஆம் நாள் சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ஒரு விழா நடைபெறுகிறது. இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம் ஆகிய துறைகளில் அரும்பணி ஆற்றியோர் அவ்விழாவில் அந்நாட்டு மன்னரிடமிருந்து பதக்கம் பெறுகின்றனர். அதே நாளில் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் அமைதிக்கான விருது வழங்கப்படுகிறது. அறிவுலகின் மிகப்பெரும் சிறப்பாகக் கருதப்படும் இவ்விருதுகளை நிறுவியவர் ஆல்பிரெட் நோபல். விழா நடைபெறும் நாள் அவர் மறைந்த நாளாகும். மலையைப் பிளக்கும் வெடிமருந்தை உருவாக்கி அதனால் பெரும்பொருள் ஈட்டிய அவர், அப்பொருளை மானுட நன்மைக்கு உரியதாக்கினார். அவ்விருப்பம் நிறைவேறுவது அத்துணை எளிதாக இருக்கவில்லை. ஆற்றலை அடக்கப் போராடிய ஒருவரின் வாழ்க்கையும், அவர் இறந்தபின் அவர் சொல்லைக் காக்கப் போராடிய சிலரின் உறுதியும் சேர்ந்தே நோபல் பரிசின் வரலாறாகின்றன.

வறுமையில் பிறந்த பிள்ளை

ஆல்பிரெட் நோபல் 1833ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தை இம்மானுவேல் நோபல் கட்டடக் கலைஞர். புதியன புனைவதில் ஆர்வம் மிக்கவர். ஆயினும் ஆல்பிரெட் பிறந்த ஆண்டிலேயே அவர் தொழிலில் நொடித்துப்போனார். பிழைப்புத் தேடி முதலில் பின்லாந்துக்கும் பின்னர் உருசியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கும் சென்றார். தாய் ஆண்ட்ரியெட், ஸ்டாக்ஹோமில் சிறிய கடை ஒன்றை நடத்திப் பிள்ளைகளைக் காத்தார். ஆல்பிரெட் அடிக்கடி நோய்வாய்ப்படும் மெலிந்த பிள்ளை. தாயின் இடைவிடாத கவனிப்பே அவரைப் பிழைக்கவைத்தது. தாயிடம் அவர் கொண்ட அன்பு இறுதிவரை குறையவில்லை.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தந்தையின் தொழிற்சாலை வளர்ந்தது. உருசியப் படைக்கு வேண்டிய கருவிகளும் கடற்கண்ணிகளும் அங்கு உருவாயின. 1842இல் குடும்பம் அந்நகரில் ஒன்றுசேர்ந்தது. ஆல்பிரெட் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே சிறந்த ஆசிரியர்களிடம் பயின்றார். 17 வயதில் சுவீடிஷ், உருசியம், பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய 5 மொழிகளில் பேசவும் எழுதவும் வல்லவரானார். ஆங்கிலக் கவிதையில் மனம் தோய்ந்து தாமும் கவிதைகள் எழுதினார். மகன் பொறியியல் துறையில் ஈடுபட வேண்டும் என விரும்பிய தந்தை, வேதியியல் கற்றுவர அவரை அயல்நாடுகளுக்கு அனுப்பினார். பாரிஸ் நகரில் பெலூஸ் என்னும் வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஆல்பிரெட் பயிற்சி பெற்றார். அவ்வாய்வகத்தோடு தொடர்புடைய இத்தாலிய அறிஞர் அஸ்கானியோ சொப்ரேரோவின் கண்டுபிடிப்பே பின்னாளில் ஆல்பிரெட்டின் வாழ்க்கைப் பாதையை வகுத்தது.

அடங்காத நீர்மம்

சொப்ரேரோ 1847இல் நைட்ரோகிளிசரின் என்னும் எண்ணெய் போன்ற நீர்மத்தைக் கண்டறிந்தார். அதுவரை சுரங்கங்களிலும் போர்க்களங்களிலும் பயன்பட்டுவந்த கருமருந்தைவிட அது பன்மடங்கு ஆற்றல் உடையது. ஆனால், எப்போது வெடிக்கும் என்று எவராலும் கூற இயலாது. சூட்டினாலோ அதிர்வினாலோ எதிர்பாராத வேளையில் வெடிக்கும். வெடிக்க வேண்டிய இடத்தில் வெடிக்காமலும் கிடக்கும். சொப்ரேரோவின் முகத்திலேயே அவ்வெடிப்பின் வடு பதிந்திருந்தது. அந்நீர்மம் எவருக்கும் பயன்தராது என்றே அவர் எண்ணினார்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆல்பிரெட்டுக்கு வேதியியல் கற்பித்த நிக்கோலாய் சினின், அந்நீர்மத்தின் ஒரு துளியைப் பட்டடைக்கல்லில் இட்டுச் சுத்தியலால் அடித்துக் காட்டினார். அடிபட்ட பகுதி மட்டுமே வெடித்தது. எஞ்சிய பகுதி அப்படியே இருந்தது. அந்த நீர்மம் முழுவதையும், வேண்டிய நேரத்தில், ஒரே கணத்தில் வெடிக்கச் செய்வது எவ்வாறு என்னும் வினா ஆல்பிரெட்டின் உள்ளத்தில் வேரூன்றியது.

கிரிமியப் போர் 1856இல் முடிவுற்றதும் உருசிய அரசு இம்மானுவேலின் தொழிற்சாலைக்கு அளித்துவந்த பணிகளை நிறுத்திக்கொண்டது. குடும்பம் மீண்டும் நொடித்தது. பெற்றோர் ஸ்டாக்ஹோம் திரும்பினர். 1863இல் ஆல்பிரெட்டும் அங்கு வந்துசேர்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். சிறிதளவு கருமருந்தை ஒரு குப்பியில் அடைத்து நைட்ரோகிளிசரினுள் வைத்து வெடிக்கச் செய்தார். அச்சிறு வெடிப்பின் அதிர்வு, நீர்மம் முழுவதையும் ஒருங்கே வெடிக்கச் செய்தது. பின்னர்க் கருமருந்துக்கு மாற்றாகப் பாதரசச் சேர்மம் ஒன்றைச் சிறிய உலோகக் குப்பியில் அடைத்து அதனைச் செம்மைப்படுத்தினார். இன்று டெட்டனேட்டர் எனப்படும் வெடிதூண்டி இவ்வாறு உருவாயிற்று. ஒரு சிறு வெடிப்பைக் கொண்டு ஒரு பெருவெடிப்பை ஆளும் இம்முறை, வெடிமருந்துத் துறையில் ஒரு பெருந்திருப்பமாக அமைந்தது.

எமிலின் மறைவு

வெற்றியை எட்டிய மறு ஆண்டே பேரிழப்பு நேர்ந்தது. 1864ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், ஸ்டாக்ஹோமின் ஹெலனெபோரி பகுதியில் நோபல் குடும்பத்தின் வெடிமருந்துக் கூடம் வெடித்துச் சிதறியது. அங்குப் பணியிலிருந்தோர் சிலர் உயிரிழந்தனர். அவர்களுள் ஆல்பிரெட்டின் கடைசித் தம்பி எமிலும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 20. சில மாதங்களில் தந்தை பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தார். அதன்பின் அவர் முழுமையாக எழவே இல்லை.

நகர எல்லைக்குள் நைட்ரோகிளிசரின் உருவாக்கக் கூடாது என ஆட்சியாளர் தடை விதித்தனர். அத்துடன் பணி முடங்கியிருக்கலாம். ஆனால், ஆல்பிரெட் ஏரியில் நிறுத்திய ஒரு படகைத் தொழிற்கூடமாக்கிக்கொண்டு தம் பணியைத் தொடர்ந்தார். சுரங்கத் தொழிலும் இருப்புப்பாதை அமைக்கும் பணியும் அந்நாளில் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தன. பாறையைப் பிளக்கும் பேராற்றல் எங்கும் தேவைப்பட்டது. எனவே, அவருடைய வெடிநீர்மம் பல நாடுகளுக்கும் சென்றது.

சென்ற இடமெல்லாம் விபத்தும் உடன்சென்றது. 1866ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மட்டும் பனாமா நிலப்பகுதியின் துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றிலும், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலும் நைட்ரோகிளிசரின் வெடித்துப் பலர் உயிரிழந்தனர். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்கு அருகில் குருமெல் என்னுமிடத்தில் ஆல்பிரெட் நிறுவியிருந்த தொழிற்சாலையும் அதே ஆண்டில் வெடித்து அழிந்தது. வெடிக்கச் செய்யும் வழியைக் கண்ட அவர், வெடிக்காமல் காக்கும் வழியை இன்னும் கண்டிருக்கவில்லை. அவ்வழியைக் காணும்வரை அவருடைய கண்டுபிடிப்பு முழுமை பெற்றதாகாது என்பதை அவ்விபத்துகள் உணர்த்தின.

மண்ணில் அடங்கிய ஆற்றல்

குருமெல் தொழிற்சாலை அழிந்தபின் எல்பே ஆற்றில் மிதந்த தெப்பத்தில் ஆய்வுகள் தொடர்ந்தன. நீர்மமாக இருப்பதே ஆபத்துக்குக் காரணம் என ஆல்பிரெட் கருதினார். நீர்மம் கசியும், சிதறும், சிறு அதிர்விலும் தளும்பும். அதனை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும் திண்பொருள் ஒன்று வேண்டும். மரத்தூள், கரி எனப் பலவற்றையும் அவர் ஆய்ந்து பார்த்தார். இறுதியில் குருமெல் பகுதியிலேயே கிடைத்த கீசல்கர் என்னும் மண் அவருக்குக் கைகொடுத்தது. நீர்வாழ் நுண்பாசிகளின் ஓடுகள் நெடுங்காலம் படிந்து உருவான நுண்துளை மண் அது. தன் எடையைப்போல் 3 மடங்கு நைட்ரோகிளிசரினை அது உறிஞ்சிக்கொண்டது. கிடைத்த கலவை பிசைந்த மாவுபோல் இருந்தது. அதனைக் குச்சிகளாக உருட்டலாம், தாளில் சுற்றலாம், பாறைத் துளையில் செருகலாம். வெடிதூண்டி இல்லாமல் அது எளிதில் வெடிக்கவும் இல்லை.

ஆற்றல் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து டைனமைட் என்னும் பெயரை அதற்கு அவர் சூட்டினார். 1867இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 15 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்த செயின்ட் கோத்தார்டு இருப்புப்பாதைச் சுரங்கம் டைனமைட்டின் துணையால் 1882இல் நிறைவுற்றது. மலைகளும் பாறைகளும் மறித்த இடங்களில் பாதைகளும் கால்வாய்களும் பிறந்தன.

ஆல்பிரெட் அத்துடன் நிறைவடையவில்லை. கீசல்கர் மண் வெடிப்பதில்லை. ஆதலால் கலவையின் ஆற்றல் சற்றுக் குறைந்தது. தானும் வெடிக்கும் தன்மையுடைய ஒரு பொருளிலேயே நைட்ரோகிளிசரினை அடக்க முடியுமா என அவர் ஆராய்ந்தார். ஒருநாள் விரலில் ஏற்பட்ட வெட்டுக்காயத்தின்மீது கொலோடியன் என்னும் மருந்துப்பசையைத் தடவினார். நைட்ரோசெல்லுலோஸ் கொண்ட அப்பசை அவருடைய சிந்தனையைத் தூண்டியது. அதனை நைட்ரோகிளிசரினுடன் கலந்து, 1875இல் டைனமைட்டைவிட வலிமையும் பாதுகாப்பும் மிக்க வெடிக்கூழ் ஒன்றை உருவாக்கினார். அது நீரிலும் கெடாமல் இருந்தது.

ஓய்வறியா உழைப்பு

வாழ்நாளில் 355 காப்புரிமைகளை ஆல்பிரெட் பெற்றார். ஏறத்தாழ 20 நாடுகளில் அவருடைய தொழிற்சாலைகள் இயங்கின. செயலாளர் எவரையும் நெடுநாள் அமர்த்திக்கொள்ளாமல், நாள்தோறும் பல மொழிகளில் கடிதங்களைத் தம் கைப்பட எழுதினார். ஹாம்பர்க், பாரிஸ், இலண்டன், வியன்னா என இருப்புப்பாதை வண்டிகளிலேயே அவர் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. பாரிஸில் அழகிய மாளிகை ஒன்று அவருக்கு இருந்தது. எனினும் அவர் மனம் ஆய்வகத்தையே நாடியது.

அவர் உருவாக்கியவை அனைத்தும் பாதை அமைக்க மட்டும் பயன்படவில்லை. 1887இல் பாலிஸ்டைட் என்னும் புகை குறைந்த வெடிமருந்துக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் உரிய மருந்து அது. அதனை இத்தாலி நாட்டுக்கு அவர் விற்றதால் பிரெஞ்சு அரசு சினங்கொண்டது. அவருடைய ஆய்வகம் மூடப்பட்டது. 1891இல் பாரிஸைவிட்டு நீங்கி இத்தாலியின் சான் ரெமோ நகரில் குடியேறினார். 1894இல் சுவீடனில் போஃபர்ஸ் என்னும் இரும்பு மற்றும் படைக்கலத் தொழிற்சாலையை விலைக்கு வாங்கினார். போர்க்கருவிகளால் வந்த பொருளும் அவருடைய செல்வத்தில் அடங்கும் என்பதை வரலாறு மறைப்பதில்லை.

போரும் அமைதியும்

1876இல் பாரிஸில் பெர்த்தா கின்ஸ்கி என்னும் ஆஸ்திரியப் பெண்மணி சில நாள்கள் மட்டும் அவரிடம் பணிசெய்தார். பின்னர் அவர் மணம்புரிந்து பெர்த்தா ஃபொன் சுட்னர் ஆனார். போரின் கொடுமையை விளக்கி 1889இல் அவர் வெளியிட்ட புதினம் ஐரோப்பா முழுவதும் பரவியது. இருவரிடையே கடிதத் தொடர்பு இறுதிவரை நீடித்தது. அமைதி இயக்கத்துக்கு ஆல்பிரெட் பொருளுதவி செய்தார். ஆயினும் மாநாடுகளாலும் தீர்மானங்களாலும் போர் நிற்கும் என அவர் நம்பவில்லை. இரு படைகளும் ஒரு நொடியில் ஒன்றையொன்று அழிக்கவல்ல படைக்கலம் உருவானால், நாகரிக நாடுகள் அஞ்சிப் போரைக் கைவிடும் என எண்ணினார். அடுத்த நூற்றாண்டின் பெரும்போர்கள் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கின. அவற்றைக் காண அவர் இருக்கவில்லை.

1888இல் அண்ணன் லுட்விக் பிரான்சின் கான் நகரில் மறைந்தார். ஆல்பிரெட்டே இறந்துவிட்டதாகத் தவறாகக் கருதிய பிரெஞ்சு நாளிதழ் ஒன்று, மானுடத்திற்கு நன்மை செய்தவராகக் கொள்ளத் தகாதவர் என்னும் பொருளில் செய்தி வெளியிட்டது. அண்ணனை இழந்த துயரின் நடுவே, தம் பெயர் உலகில் எவ்வாறு நிற்கும் என்பதையும் அவர் அறிய நேர்ந்தது. அடுத்த ஆண்டு தாயும் மறைந்தார்.

கையெழுத்தில் ஓர் உயில்

1895ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், பாரிஸில் 4 சாட்சிகளின் முன்னிலையில் ஆல்பிரெட் தம் இறுதி உயிலில் கையொப்பமிட்டார். வழக்கறிஞர் எவரின் துணையுமின்றி அவரே தம் கைப்பட எழுதியது அது. தம் சொத்தின் பெரும்பகுதியைப் பாதுகாப்பான முதலீடாக்கி, அதிலிருந்து வரும் வட்டியை ஆண்டுதோறும் 5 பங்காக்க வேண்டும் என்று அதில் குறிப்பிட்டார். இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், அமைதி ஆகியவற்றில் மானுடத்திற்குப் பெருநன்மை செய்தோர்க்கு அப்பங்குகள் உரியன. பரிசு பெறுவோரின் நாடு எது என நோக்கக் கூடாது. தகுதி ஒன்றையே நோக்க வேண்டும். நாடுகள் ஒன்றையொன்று ஐயுற்று நின்ற காலத்தில் எழுதப்பட்ட இவ்விதி, அவ்வுயிலின் உயிர்நாடி எனலாம்.

அப்போது அவர் இதயநோயால் துன்புற்றுவந்தார். மருத்துவர்கள் அவருக்குப் பரிந்துரைத்த மருந்து நைட்ரோகிளிசரின். இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்யும் அதன் பண்பு மருத்துவத்தில் பயன்படத் தொடங்கியிருந்தது. ஊழின் இவ்விந்தையை அவரே நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வியந்து குறித்தார். 1896ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் சான் ரெமோவில் உயிர்நீத்தார். உறவினர் எவரும் அருகில் இல்லை.

சொல்லைக் காத்தவர்கள்

உயில் வெளிப்பட்டதும் எதிர்ப்பு எழுந்தது. 3 கோடி குரோனருக்கும் மேற்பட்ட செல்வம் அயலாருக்குச் செல்வதை உறவினர் பலர் ஏற்கவில்லை. சுவீடனின் செல்வம் பிற நாட்டார்க்குப் போவதா எனச் செய்தித்தாள்கள் வினவின. மன்னர் இரண்டாம் ஆஸ்கரும் அதனை விரும்பவில்லை. உயிலிலும் குறைகள் இருந்தன. பரிசை வழங்கும் அமைப்பு எதுவும் அப்போது இல்லை. பரிசுக்குரியோரைத் தேர்ந்தெடுக்க அவர் குறிப்பிட்ட நிறுவனங்களிடம் அவர் முன்கூட்டி இசைவு பெறவும் இல்லை. பல நாடுகளில் வாழ்ந்த அவருக்குச் சட்டப்படி எது சொந்த இடம் என்பதே வழக்காயிற்று.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பைச் சுவீடன் நாட்டுப் பொறியாளர் இருவரிடம் ஆல்பிரெட் ஒப்படைத்திருந்தார். ராக்னர் சோல்மன் அவர்களுள் ஒருவர். அவருடைய ஆய்வக உதவியாளராகப் பணிபுரிந்தவர். அப்போது அவருக்கு வயது 26. சட்டம் பயிலாத அவ்விளைஞர், பிரெஞ்சு நீதிமன்றம் தலையிடுமுன் பாரிஸ் வங்கிகளிலிருந்த பங்குப் பத்திரங்களை மீட்க முனைந்தார். கைத்துப்பாக்கியுடன் குதிரைவண்டியில் அமர்ந்து அப்பத்திரங்களை வங்கியிலிருந்து சுவீடன் துணைத்தூதரகத்திற்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து அவை கட்டுகளாக வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. ஆல்பிரெட்டின் சட்டப்படியான இருப்பிடம், போஃபர்ஸுக்கு அருகில் அவர் குதிரைகளை வைத்துப் பேணிய சுவீடன் மாளிகையே என்பதும் நிலைநாட்டப்பட்டது.

உறவினருள் ஒருவர் சோல்மனின் பக்கம் நின்றார். அவர் லுட்விக்கின் மகன் இம்மானுவேல். மன்னர் அவரை அழைத்து, உயிலை மாற்ற இசையுமாறு அறிவுறுத்தினார். அறிஞர்க்கு உரிய பொருளைத் தம் குடும்பம் கவர்ந்துகொண்டதாகப் பிற்காலத்தார் பழிக்க இடந்தர இயலாது என அவர் பணிவுடன் மறுத்துவிட்டார். தமக்கு வரக்கூடிய பெருஞ்செல்வத்தை அவர் தாமே விட்டுக்கொடுத்தார். 1898இல் உறவினரோடு உடன்பாடு ஏற்பட்டது. 1900ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் நோபல் அறக்கட்டளையின் விதிகளுக்கு மன்னரே ஒப்புதல் அளித்தார்.

எல்லை கடந்த விருது

1901ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் முதல் பரிசுகள் வழங்கப்பட்டன. எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் இயற்பியல் பரிசைப் பெற்றார். தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறாத அவர், பரிசுத்தொகையையும் தாம் பணியாற்றிய பல்கலைக்கழகத்திற்கே அளித்தார். 1905இல் அமைதிப் பரிசு பெர்த்தா ஃபொன் சுட்னரைச் சென்றடைந்தது.

இயற்பியல் பரிசு கண்டுபிடிப்புக்கு மட்டுமன்றிப் புதுப்புனைவுக்கும் உரியது என ஆல்பிரெட் எழுதியிருந்தார். ஆதலால், பொறியாளர்க்கும் அவ்விருது வாயிலானது. கம்பியில்லாத் தந்திக்காக மார்க்கோனியும் பிரவுனும் 1909இல் அதனைப் பெற்றனர். 1912இல் சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்டாஃப் டாலன் பெற்றார். கலங்கரை விளக்கு பகலில் தானே அணைந்து இரவில் தானே எரியும் கருவியை அமைத்தவர் அவர். அதே ஆண்டில் ஆய்வின்போது நேர்ந்த வெடிவிபத்தில் அவர் பார்வையை இழந்திருந்தார். விழாவில் அவருக்காக அவருடைய உடன்பிறந்தாரே பரிசைப் பெற்றுக்கொண்டார். வெடிவிபத்தில் தம்பியை இழந்த ஒருவர் நிறுவிய விருது, வெடிவிபத்தில் கண்ணிழந்த ஒருவரின் பணியைப் போற்றியது. பின்னாளில் ஒருங்கிணைந்த மின்சுற்றும் நீலநிற எல்.இ.டி. விளக்கும் இவ்விருதால் சிறப்பிக்கப்பட்டன.

நாடு நோக்காமல் தகுதி நோக்க வேண்டும் என்னும் விதி, தமிழகத்துக்கும் அவ்வாயிலைத் திறந்துவைத்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1930இல் இயற்பியல் பரிசு பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983இலும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 2009இலும் நோபல் பரிசு பெற்றனர்.

ஆல்பிரெட் நோபல் புதிய ஆற்றலைத் தேடி அலைந்தவர் அல்லர். முன்பே அறியப்பட்டும் எவராலும் ஆளப்படாத ஓர் ஆற்றலைக் கட்டுக்குள் கொணர்ந்து பயன்படச் செய்தவர். அப்பணியில் அவர் கொடுத்த விலை பெரிது. அவரால் பிறர் கொடுத்த விலையும் பெரிது. தாம் ஈட்டிய செல்வத்தையும் ஓர் ஆற்றலாகவே கருதி அதற்கொரு பயனை வகுத்துவிட்டு மறைந்தார். அவ்விருப்பம் எழுத்தளவில் நின்றுவிடாமல் காத்தவர்கள், அச்சமறியா ஓர் இளம்பொறியாளரும் தம் பங்கைத் துறந்த ஓர் உறவினருமே. ஆக்கவும் அழிக்கவும் வல்லது அறிவியல். அதனை ஆக்கத்தின்பால் செலுத்துவது மனிதரின் நேர்மை என்பதற்கு அவ்விருதின் வரலாறு சான்றாகும்.